படுத்துப் பார்த்தவர்

அவர் படுத்திருப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நோயாளியாக அல்ல. அறுபது வயதைத் தாண்டியும் தலைவலிக்குக்கூட ஒரு மாத்திரை போட்டதில்லை என்று சொல்லிக்கொள்கிற மனிதர் அவர். அவர் நடத்திய முதியோர் இல்லத்துக்குக் கட்டில் வந்து இறங்கினால் கட்டிலில் படுத்துப் பார்ப்பார். தலையணை வந்தால் தலை வைத்துப் பார்ப்பார். சக்கர நாற்காலிகள் வந்த அன்று ஒன்றில் ஏறி உட்கார்ந்து வராந்தாவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, அருமையாக இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லி, எழுந்து நடந்து போனார். அந்த எழுந்து நடந்து போவதுதான் எனக்குக் கடைசிவரை பொறுக்கவில்லை.

தொண்டாமுத்தூரைத் தாண்டி, அவருடைய தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்தது அந்த முதியோர் இல்லம். நடமாடுகிறவர்களுக்கு ஒரு கட்டடம், படுக்கையோடு இருப்பவர்களுக்கு ஒரு கட்டடம். இரண்டாவதுக்கு நான் பொறுப்பு நர்ஸ். கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஓடி ஓடிக் கால் ஓய்ந்து, இங்கே நிதானமாக இருக்கலாம் என்று வந்து சேர்ந்தேன். அவர் பம்பு செட்டுக்கு வார்ப்பு ஊற்றும் பட்டறை வைத்திருந்தவர். பட்டறையை மகன்களிடம் கொடுத்துவிட்டு, புண்ணியத்துக்கு ஏதாவது செய்யலாம் என்று இதை ஆரம்பித்ததாகச் சொல்வார்.

பேச்சில் அப்படி ஒரு மரியாதை. வாட்ச்மேனைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் சொல்வார். கூட்டிப் பெருக்குகிற பெண்ணுக்கும் "அம்மணி"தான், எனக்கும் "அம்மணி"தான். அவருக்குக் கோபமே வராது என்று ஊரில் பெயர். கோபம் வர வேண்டுமானால் எதிராளி சொல்வது காதில் விழ வேண்டும். அவருக்கு விழாது. தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார். முடிந்ததும், "என்ற உடம்பு பொய் சொல்லாதுங்க அம்மணி" என்பார். தன் உடம்புக்குத் தெரிவதுதான் உண்மை, அதோடு பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மார்கழியில் மலைக்காற்று இறங்கும். அந்தச் சமயத்தில் குளியலறை ஹீட்டர் பழுதானது. அதைச் சரி செய்யச் சொல்லி நான் நடையாய் நடந்தேன். அவர் ஒரு விடியற்காலை வந்து, அந்தக் குளியலறையிலேயே போர்வெல் தண்ணீரை ஊற்றிக் குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தார். முதல் சொம்புதான் குளிர்கிறது, அப்புறம் ஒன்றும் தெரியவில்லை, உடம்புக்கும் நல்லது என்றார். அவர் உடம்பில் இருந்த சதையை இமயமலைத் தண்ணீரும் ஒன்றும் செய்யாது. ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் அந்த மாதம் முழுக்கக் குளிக்காமல், குளித்தேன் என்று என்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் அண்டா வைத்துத் தண்ணீர் காய்ச்ச ஆரம்பித்த பிறகுதான் டீச்சரம்மா குளியலறைப் பக்கம் வந்தார்.

சாப்பாட்டிலும் அதே கதை. இதயம் பலவீனமானவர்களுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஒரு நாள் உரிமையாளர் அவர்களோடு பந்தியில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்துப் பார்த்தார். முகம் சுளித்தது. இதைப் பெரியவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள், பாவமில்லையா என்று சமையல்காரரைக் கூப்பிட்டு, தன் நாக்குக்குச் சரியாக வரும்வரை உப்புப் போட வைத்தார். எல்லோரும் அவரை வாழ்த்திக்கொண்டே சாப்பிட்டார்கள். அடுத்த வாரம் ஒரு அம்மாவுக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கியது. டாக்டர் என்னைத்தான் திட்டினார். இவர் அந்த அம்மாவின் கட்டிலுக்கருகே உட்கார்ந்து, தோப்புக்குள் நாலு நடை நடந்தால் சரியாகிப் போகும், தனக்கும் அப்படித்தான் சரியாகும் என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

காசுக்குக் கணக்குப் பார்க்கிறவர் என்று நினைக்க வேண்டாம். அப்படி இருந்தால் எனக்கு இவ்வளவு வெறுப்பு வந்திருக்காது. கஞ்சனிடம் சண்டை போடலாம், வெட்கப்பட வைக்கலாம். இவர் கை நிறையக் கொடுப்பார். ஒரு பெரியவர் வழுக்கி விழுந்தபோது ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் தானே தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஓடினார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டுமென்று அதற்கு முன்பே கேட்டிருந்தேன். அவர் உள்ளே போய் உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட்டு, பிடிக்காமலே எழ முடிகிறதே என்று சொல்லியிருந்தார். உலகத்தில் இருப்பது ஒரே ஓர் உடம்பு, அது அவருடையது.

எங்கள் கட்டில்களில் எல்லாம் தேங்காய் நார் மெத்தை. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்தது. நார் மெத்தை திடமானது, முதுகுக்கு நல்லதுதான், தானாகப் புரண்டு படுக்க முடிந்தவர்களுக்கு. புரள முடியாதவர்களுக்கு அது பலகை. இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில் பாரம் முழுக்க இறங்கும். அங்கே தோல் சிவக்கும், அப்புறம் கருக்கும், அப்புறம் பிய்ந்துகொள்ளும். அதற்காக மெத்தைக்கு மேல் ஒரு ஃபோம் விரிப்பு போட வேண்டும் என்று பல மாதம் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டதும் வாங்கிக் கொடுக்கிற மனிதர்தானே, சரி என்றார்.

கடைக்காரர் ஒரு வேனில் மூன்று மாதிரி கொண்டுவந்தார். ஒன்று மெதுமெதுவென்று பஞ்சு மாதிரி. ஒன்று முட்டை அடுக்குகிற அட்டை போல மேடும் பள்ளமுமாக இருந்தது. மூன்றாவது கனமானது. கையை வைத்து அமுக்கினால் மெல்ல உள்வாங்கி, கையை எடுத்த பிறகும் அந்தத் தடத்தைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கும். கடைக்காரர் விவரமானவர். படுக்கையில் இருப்பவர்களில் யார் யார் தானாகத் திரும்புவார்கள், யார் எந்நேரமும் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பார்கள், யாருக்குத் துணி நனையும் என்றெல்லாம் என்னிடம் கேட்டார். அசையவே முடியாதவர்களுக்கு மூன்றாவதைப் போடலாம், மற்றவர்களுக்கு இரண்டாவது போதும் என்றார். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே இவர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

முதலில் கனமானதில் படுத்தார். படுத்த வேகத்தில் எழுந்து, சேற்றில் கால் வைத்த மாதிரி உள்ளே இழுக்கிறது என்றார். முட்டை அட்டையில் படுத்து, முதுகெல்லாம் உறுத்துகிறது என்றார். பஞ்சு மாதிரி இருந்ததில் படுத்தார். கண்ணை மூடினார். இடப்பக்கம் ஒருக்களித்தார், வலப்பக்கம் ஒருக்களித்தார், கையைத் தலைக்கு வைத்துக்கொண்டார். மெல்லிய குறட்டைகூட வந்தது. எழுந்து, "இதுதானுங்க" என்றார்.

இப்போதே எத்தனை தரம் புரண்டீர்கள், அவர்களால் அது முடியாதே என்றேன். அந்த ஃபோம் ஒரு பாரத்தை நாளெல்லாம் தாங்காது, அப்பளமாகிவிடும் என்றேன். தலையை ஆட்டினார். ஆளுக்கொரு மெத்தை போட்டால் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தருக்கு மனசு சங்கடப்படும், எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதுதான் மரியாதை என்றார். பிறகு, "என்ற உடம்பு பொய் சொல்லாதுங்க அம்மணி" என்றார். மூன்றாவதுதான் விலை கூடுதல், அதையே வாங்கினாலும் வாங்கியிருப்பார். அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாதிரிகளைச் சுருட்டிக் கட்டினார்.

ஃபோம் நனைந்து போகுமே என்று அவருக்கே தோன்றி, அதற்கு ரெக்சின் உறை தைக்கக் கொடுத்தார். கார் சீட்டுக்குத் தைக்கிற கடையில். தைத்து வந்ததும் கன்னத்தை அதில் வைத்துப் பார்த்து, ஜில்லென்று இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். கட்டில்கள் எல்லாம் ஒரே நிறத்தில், வரிசையாக, உயரமாக, பார்க்க அழகாகத்தான் இருந்தன.

அந்த வரிசையில் கடைசிக் கட்டில் பொள்ளாச்சிப் பெரியவருடையது. மாட்டுச் சந்தையில் தரகராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மனைவி இல்லை. ஒரே மகள், பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மெஸ் நடத்துகிறவர். அடுப்பை விட்டு நகர முடியாத பிழைப்பு. வாரம் ஒரு நாள் மெஸ்ஸை மூடிவிட்டு பஸ் பிடித்து வந்து பார்ப்பார்.

தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் இல்லையா, அந்தப் பெரியவர் என்னோடு அப்படித்தான் பேசினார். போர்வைக்குள் இடது கையை நீட்டுவார். நான் கையைக் கொடுக்க வேண்டும். சுண்டு விரலைப் பிடித்தால் தண்ணீர். கட்டை விரலைப் பிடித்தால் கட்டிலைக் கொஞ்சம் இறக்கு. மொத்தக் கையையும் சேர்த்து இறுக்கினால் வலி. மகள்தான் இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். வந்த புதிதில் அவர் தண்ணீர்தான் அதிகம் கேட்டார். ஃபோம் போட்ட சில மாதங்களில், போர்வைக்குள் கை விட்டாலே மொத்தக் கையையும் இறுக்க ஆரம்பித்தார்.

சாப்பாடு புரை ஏறாமல் இருக்க அவரைச் சாய்த்து உட்கார வைத்தே இருக்க வேண்டும். அதனால் பாரம் முழுக்க அடியில் இறங்கியது. நேரத்துக்கு நேரம் திருப்பிப் போட்டோம். திருப்பிப் போட்டாலும் படுப்பது அந்த ஃபோமில்தானே. ஒரு நாள் ஃபோமுக்கு அடியில், நார் மெத்தைக்கு மேலே, உள்ளங்கையை மேல் நோக்கி விட்டுப் பார்த்தேன். ஃபோம் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. அவருடைய எலும்பு என் விரலில் வந்து உட்கார்ந்தது.

உரிமையாளரை அழைத்து வந்து, நீங்களே கையை விட்டுப் பாருங்கள் என்றேன். விட்டார். முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. ஆள் ரொம்ப இளைத்துவிட்டார், எலும்பு கையில் தட்டுகிறது, நல்ல ஆட்டுக்கால் சூப்பாக வைத்துக் கொடுங்கள் என்றார். பிறகு பக்கத்தில் காலியாக இருந்த கட்டிலில் போய்ப் படுத்துப் பார்த்துவிட்டு, எனக்கொன்றும் தெரியவில்லையே என்று எழுந்தார். அன்று சாயங்காலம் சூப் வந்தது. பெரியவர் என் கையை இறுக்கியபடியே அதைக் குடித்தார்.

தோல் பிய்ந்த அன்றைக்கு நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மகளுக்குப் போன் செய்தேன். அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார். கையில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது. நான் கட்டைப் பிரித்துக் காட்டினேன். அவர் அழவில்லை. குனிந்து நன்றாகப் பார்த்தார், மூடச் சொன்னார். பிறகு உரிமையாளரைக் கூப்பிடச் சொன்னார்.

அவர் வந்தார். கை கூப்பினார். காபி குடித்தீர்களா என்று கேட்டார். பெரியவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, வலிக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றார். பேச்சுப் போன மனிதரைப் பற்றி இதைச் சொன்னார். மகள், இந்த மெத்தையை யார் வாங்கியது என்று மட்டும் கேட்டார். உரிமையாளருக்குப் பெருமை வந்துவிட்டது.

"நானேதானுங்க. இங்க எதையும் நான் படுத்துப் பாக்காம வாங்கறதில்லீங்க."

"அப்பிடீங்களாண்ணா? அப்ப எனக்காவ இன்னொருக்காப் படுங்க. எங்கய்யன் படுத்திருக்கற மாதிரியே."

அவர் சந்தோஷமாகச் சம்மதித்தார். அந்தச் சந்தோஷத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஏறிப் படுத்தார். தலைப்பக்கத்தைப் பெரியவருக்கு இருந்த உயரத்துக்கு ஏற்றச் சொன்னார் மகள், ஏற்றினேன். வலது கையும் வலது காலும் அசையக் கூடாது என்றார். இடுப்பும்தான். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயாக்கள் மத்தியானச் சாப்பாடு கொடுக்க ஆரம்பித்த நேரம் அது. வெயில் ஏறியிருந்தது.

படுத்தவர் முதலில் பேசினார். பொள்ளாச்சித் தேங்காய், இந்த வருஷ மழை, யானை வந்து தோப்பில் வாழையைத் தின்றுவிட்டுப் போனது. பேச்சு நின்றது. நெற்றியில் வியர்த்தது. சரிந்த கட்டிலில் உடம்பு மெல்லக் கீழே வழுக்கியது, ரெக்சினில் சட்டை இழுபட்டுச் சத்தம் கேட்டது. இடுப்பைத் தூக்கிச் சரியாக உட்காரப் பார்த்தார்.

"அசையாதீங்கண்ணா. எங்கய்யன் அசைய மாட்டாரு."

அவர் சிரிக்க முயன்றார். கால் விரல்கள் துடித்தன. இன்னொரு தரம் இடுப்பு எழும்பியது, மகள் ஒரு விரலை மட்டும் நீட்டினார், இடுப்பு இறங்கியது. வரிசையில் பாதிப் பேருக்குச் சாப்பாடு கொடுத்து முடித்திருப்பார்கள், அவர் சடக்கென்று எழுந்து உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு கை தானாகப் பின்னால் போய் இடுப்புக்குக் கீழே தேய்த்தது. மெத்தையைத் திரும்பிப் பார்த்தார். உள்ளங்கையால் அமுக்கினார். இப்போதாவது உறைத்துவிட்டது என்று நினைத்தேன். மகளும் அப்படித்தான் நினைத்திருப்பார், ஸ்டூலிலிருந்து கொஞ்சம் முன்னால் வந்தார்.

"ஃபேன் காத்தே வரலீங்களே அம்மணி" என்றார் என்னிடம்.

மகள் எழுந்துவிட்டார். அன்றே ஒரு வண்டி பிடித்து, பின் சீட்டில் தலையணைகளை அடுக்கி, தகப்பனை ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கூட்டிப் போனார். அந்தக் கடைக்காரருடைய நம்பரை நான் கொடுத்தேன். கனமான ஃபோமையே வாங்கிப் போட்டார். மெஸ்ஸுக்குப் பின்னறையில், பஸ்கள் போவது தெரிகிற ஜன்னலோரம் கட்டில். அடுப்படி வேலைக்கு இருந்த இரண்டு பெண்களுக்கும் திருப்பிப் போடச் சொல்லிக் கொடுத்தேன். ஓய்வு நாட்களில் போய்க் கட்டு மாற்றினேன். புண் மூடப் பல மாதமாகி, சித்திரை வந்துவிட்டது. ஆனால் மூடியது. பெரியவர் இரண்டு வருஷம் அந்த ஜன்னலோரம் இருந்துவிட்டு, நெஞ்சுச் சளியில் போனார்.

இங்கே இல்லத்தில், மகள் தகப்பனைக் கூட்டிப் போன மறுநாள் உரிமையாளர் ஒரு கூடைப் பழம் பொள்ளாச்சிக்கு அனுப்பினார். அந்த வாரமே எலக்ட்ரீஷியன் வந்து எல்லாக் கட்டிலுக்கும் மேலே ஒரு புது ஃபேன் மாட்டினார். உயர்ந்த ரக ஃபேன். அவர் ஒவ்வொன்றுக்கும் கீழே நின்று முகத்தை மேலே தூக்கிக் காற்று வருகிறதா என்று பார்த்தார். நான் வேலையை விடுவதாகச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, வீட்டில் ஏதாவது சிரமமா அம்மணி என்று விசாரித்தார்.

நான் கிளம்பப் போகிற வாரத்தில் சோமனூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தறி ஓட்டுகிறவர், அவருடைய மனைவி, அவருடைய அம்மா. அந்தம்மாவுக்குச் சர்க்கரையில் ஒரு கால் எடுத்திருந்தார்கள், இன்னொன்றிலும் உணர்ச்சி இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். உரிமையாளர் அந்த மகனோடு பேசினார், மருமகளோடு பேசினார். கட்டில்களைக் காட்டினார். புது ஃபேன்களைப் போட்டுக் காட்டினார். பிறகு மெத்தையைத் தட்டியபடி சொன்னார்:

"இதுல நானே அரை நாளு அசையாமப் படுத்துப் பாத்தனுங்க. ஒரு சின்ன வலி தெரியலீங்க."

பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவர் முகத்தில் இல்லை. அவர் உடம்பு அதற்குள் அப்படித்தான் நினைவு வைத்திருந்தது போலிருக்கிறது.

"அரை நாளெல்லாம் இல்லீங்க," என்றேன். "பாதிப் பேருக்குச் சோறு குடுத்து முடிக்கறதுக்குள்ள எந்திரிச்சுட்டாருங்க. இந்த மெத்தையிலதான் ஒரு பெரியவருக்குப் புண்ணு வந்துச்சுங்க."

மகன் என்னைப் பார்த்தார், உரிமையாளரைப் பார்த்தார். இவர் கோபப்படவில்லை. அம்மணி தமாஷாகப் பேசுவார் என்று சிரித்தார், மகனும் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துவைத்தார். நாற்காலியில் இருந்த அம்மாதான் சிரிக்கவில்லை. என்னைக் கிட்டே வரச் சொல்லி, எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறாய், இனி என்னையும் நீதான் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டார். இந்த வாரத்தோடு நானே போகப் போகிறேன், வேறு ஆள் இன்னும் வரவில்லை என்றேன். அந்தம்மா மகனைத் திரும்பிப் பார்த்து, "ஊட்டுக்குப் போலாங்கண்ணு" என்றார்.

மகன் தயங்கினார். இவர், சாப்பிட்டுவிட்டுப் போகலாமே, இன்றைக்குச் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றார். அந்தம்மா கையை நாற்காலிச் சக்கரத்தில் வைத்துத் தானே வாசல் பக்கம் தள்ள ஆரம்பித்தார். மருமகள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

அவர்களைக் காரில் ஏற்றிவிட்டு வந்தேன். அவர் படியில் நின்றுகொண்டிருந்தார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

"அவங்களுக்கு என்னுங்க அம்மணி புடிக்கலே?"

"அந்தம்மாவ நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க."

அவர் யோசித்தார். தோப்பின் கடைசியில் கார் நின்றிருந்தது. கேட் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டு, வாட்ச்மேன் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பின் சீட்டில் அந்தம்மாவின் வெள்ளைத் தலை தெரிந்தது. எட்டி நடந்தால் பிடித்துவிடுகிற தூரம்தான்.

"கேட்டிருந்தா என்னுங்க சொல்லியிருப்பாங்க?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.